வீட்டில் விமானம் கட்டுவோரிடையே விமானம் அல்லாத பேச்சு: ஓர் இலக்கணப் பார்வை

1. ஆய்வு நோக்கம்

அமெரிக்காவின் சிறு விமானத்தளங்களிலும் வீட்டு கார் ஷெட்களிலும் சனிக்கிழமை காலைகளில் சிலர் கூடுகிறார்கள். நடுவே ஒரு விமானம் நிற்கிறது. அல்லது, விமானம் ஆகப்போவதாகச் சொல்லப்படும் அலுமினியக் குவியல் கிடக்கிறது. சுற்றிலும் மடக்கு நாற்காலிகள். பேசப்படுவதோ முழங்கால் வலி. இந்த முரண்பாட்டை எந்தத் தமிழ்த்துறையும் இதுவரை கவனிக்காதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கான நிதிநல்கை விண்ணப்பம் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

கருதுகோள்: விமானம் கட்டுவோர் விமானம் பற்றிப் பேசும்போது சண்டை வருகிறது, வேறு எதையாவது பேசும்போது விமானம் முடிகிறது.

2. ஆய்வெல்லை

மும்பையில் அமோல் யாதவ் தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டி, 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தார். அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. காரணம், அது பக்கத்தில் இருக்கிறது. யாராவது நேரில் போய்ச் சரிபார்த்துவிடக் கூடும். ஆய்வுப்பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவுக்கு மறுப்பாளர் குறைவர் என்பது கருத்தரங்க மரபு.

3. முன்னோடிகள்

1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். அந்த வேலை சுமார் ஆறு வாரங்களில் முடிந்தது. சான்டோஸ் டுமான்ட் தன் தெமுவாசெல் விமானத்துக்குக் காப்புரிமை கோரவில்லை. 1910-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ அதன் வரைபடங்களை அச்சிட்டது. மினசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டிப் பறந்தார். 1953-இல் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி ‘எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் கிளை கலிஃபோர்னியாவின் ஃப்ளாபாப் விமானத்தளத்தில் ரே ஸ்டிட்ஸ் அமைத்தது. 1970 முதல் ஆண்டுப் பெருங்கூட்டம் ஆஷ்காஷ் நகரில் நடக்கிறது. வந்தவர்கள் தத்தம் சிறகுக்கடியில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள்.

இவர்கள் எஞ்சினைப் பற்றி என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்று நிறைய. எஞ்சின் ஆறும்வரை என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. வரலாற்றாசிரியர்களின் இந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட இடைவெளியை இக்கட்டுரை பெருமளவு ஊகத்தால் நிரப்புகிறது.

4. முதல், கரு, உரி

எதையும் திணைக்குள் அடக்காமல் விட்டால் அது தமிழாய்வு ஆகாது. எனவே அடக்குவோம்.

நிலம்: ஷெட்டும் ஷெட் சார்ந்த இடமும். சிறுபொழுது: சனிக்கிழமை காலை. பறை: ரிவெட் கன். உணவு: டோனட், விசேஷ நாட்களில் பான்கேக். நீர்: காகிதக் கோப்பையில் காபி. விலங்கு: யாருடையது என்று தெரியாத நாய். தெய்வம்: எஃப்.ஏ.ஏ. என்னும் விமானப் போக்குவரத்து நிர்வாகம்; வேலை முடிந்ததும் ஆய்வாளர் வடிவில் ஒருமுறை தோன்றி, சான்றிதழ் அருளி மறையும்.

உரிப்பொருளில் ஐந்தும் பழுதின்றி அமைகின்றன. ஆர்டர் கொடுத்த எஞ்சின் வரும்வரை இருத்தல். விலைப்பட்டியல் வந்தபின் இரங்கல். அது மனைவி கண்ணில் பட்டபின் ஊடல். சிறகும் உடலும் பொருந்தும் நாளில் புணர்தல். ஷெட் வாசலில் நுழையாத சிறகைக் கழற்றி லாரியில் ஏற்றும் நாளில் பிரிதல். (சான்று: ஷெட்டின் வடக்குச் சுவர், பென்சில் எழுத்து.)

5. புறப்பேச்சின் (விமானம் அல்லாத பேச்சின்) வகைகள்

5.1 வானிலை. இது விமானம் சார்ந்ததா சாராததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, விடுக.

5.2 முழங்கால். விமானத்தின் வயிற்றுப்பகுதியில் வேலை செய்யத் தரையில் மண்டியிட வேண்டும். ஆகவே இது தொழில்நுட்பப் பேச்சு என்பார் ஒரு சாரார். கட்டுவதற்கு முன்பே வலித்தது என்பார் மறு சாரார்.

5.3 நூறு டாலர் பர்கர். கட்டி முடித்தவர், வேறோர் ஊரில் இருக்கும் விமானத்தளத்துக்குப் பறந்துபோய், அங்கே ஒரு பர்கர் தின்று, பறந்து திரும்புகிறார். பெட்ரோல் செலவைச் சேர்த்தால் பர்கர் விலை நூறு டாலர். பெட்ரோல் விலை ஏறியும் பெயர் ஏறவில்லை. பர்கர் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. (வடக்குச் சுவர், குழல்விளக்குக்குக் கீழே, மூன்றாம் வரி, நான்காம் வரி ஒரு தொலைபேசி எண்.)

5.4 புல்வெட்டும் இயந்திரம். புறப்பேச்சில் தலையாயது இதுவே. “என் புல்வெட்டி ஸ்டார்ட் ஆக மாட்டேன்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவருடைய புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. சிறகுக்குள் இருக்கும் எரிபொருள் டேங்க் கசிகிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்பதே உள்ளுறை. கேட்டவர் மறுநாள் கார்புரேட்டர் பார்க்க வருகிறார். இரவு வரை டேங்க் பார்த்துவிட்டுப் போகிறார்.

5.5 ப்ரைமர். இதற்குத் தனி இயல் தேவை. இடமின்மையால் சுருக்கமாகச் சொல்வதாக அறிவித்துவிட்டு விரிவாகச் சொல்வோம்.

அலுமினியத் தகடுகளின் உட்புறம், யார் கண்ணிலும் படாத பக்கம், அரிப்பைத் தடுக்கும் ப்ரைமர் அடிக்க வேண்டுமா வேண்டாமா? வினா இவ்வளவுதான். இதற்காக ஒரே டோனட் பெட்டியில் கை வைத்தவர்கள் பின்னர் ஒரே மேசையில் உட்காரவில்லை. வடகலை தென்கலைக்கு இடையே கூட யானைக்கு நாமம் போடும்வரைதான் பிரச்சினை. இங்கே யானைக்கு உட்புறமும் நாமம் உண்டா என்பது கேள்வி.

முதல் கட்சி: எங்கும் அடி, இண்டு இடுக்கு விடாமல் அடி, இரண்டு பகுதி கலக்கும் எபாக்ஸியே அடி. இரண்டாம் கட்சி: அடிக்கவே வேண்டாம். தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியம் மெல்லிய பூச்சாக ஆலையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. உள்ளே ப்ரைமர் காணாத பழைய செஸ்னா விமானங்கள் இன்றும் பறக்கின்றன. நீ அடிப்பது வெறும் எடை. மூன்றாம் கட்சி: தகட்டின் மேல் தகடு அமரும் இடத்தில் மட்டும் அடி. இவர்களை முதலிரு கட்சியாரும் சேர்ந்து வெறுக்கிறார்கள். நான்காம் கட்சி ஸ்ப்ரே டப்பாவில் அடிப்பவர்கள். இவர்களோடு வாதிடுவதே இல்லை; பார்வையே போதும்.

விமானத்தை ஃப்ளோரிடாவின் உப்புக்காற்றில் நிறுத்தப்போகிறீர்களா, அரிசோனாவின் வறண்ட வெயிலிலா என்று கேட்டால் பாதிச் சண்டை தீரும். அதனால்தான் யாரும் கேட்பதில்லை. தீர்ந்துவிடும் சண்டையில் எந்த அறிஞருக்கும் நாட்டம் இருந்ததாக வரலாறு இல்லை. நம் காலத்தில் பழந்தமிழ் நூல்களுக்குத் தேதி குறிப்பவர்களைக் கண்டோர்க்கு இது விளங்கும்.

ப்ரைமர் விமானத்தின் பகுதியாயிற்றே, அதைப் புறப்பேச்சில் சேர்த்தது ஏன் எனின், வாதம் முடிந்தபின் விமானத்தில் எதுவும் மாறுவதில்லை. ஒவ்வொருவரும் வரும்போது நினைத்திருந்ததையே போய்ச் செய்கிறார்கள். ஆகவே புறப்பேச்சு என்க. (டோனட் பெட்டி மூடியின் உட்புறம், எண்ணெய்க் கறைக்கு இடப்பக்கம். கறைக்கு வலப்பக்கம் ‘அடி’ என்பது ‘அடிக்காதே’ என்று பாடபேதம் காட்டுகிறது. ‘காதே’ வேறு பேனாவில் இருப்பதால் இடைச்செருகல் என்பது நம் துணிபு. அந்தப் பேனாவே மூத்தது என்று நிறுவும் மறுப்பு, அடுத்த வாரப் பெட்டியில் உள்ளது. அந்தப் பெட்டியை நாய் தின்றுவிட்டது.)

குரல் உயர்ந்து சிவப்பேறும் கட்டத்தில் ஒருவர் தவறாமல் புல்வெட்டியைப் பற்றிக் கேட்பார். இது தற்செயல் அன்று. அவர்தான் அன்றைய கூட்டத்தின் தலைவர்.

6. உதவியின் இலக்கணம்

6.1 இருவர் வேண்டும் வேலை. அலுமினிய விமானத்தில் ஆயிரக்கணக்கான ரிவெட்கள். ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் கன்னால் தலையில் அடிக்க, இன்னொருவர் தகட்டுக்குப் பின்னால் பக்கிங் பார் என்னும் கனத்த எஃகுத் துண்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். வால்பகுதி அதில் மோதி நசுங்கி விரியும். விரிந்த தலை ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால் சரி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கன் ஓடும்போது பேச முடியாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள நொடிகளில்தான் பேச முடியும். ஆகவே அமெரிக்கச் சிறகுகள் பலவற்றிலும் விலாச்சட்டத்துக்கு விலாச்சட்டம் யாரோ ஒரு மருமகனின் வேலை போன கதை துண்டு துண்டாக ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது. கன் சாய்ந்து, ரிவெட் தலையில் பிறை விழுந்துவிட்டால் அதற்கு ‘ஸ்மைலி’ என்று பெயர். துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்கப்போனால் துளை பெரிதாகிப் பழையதைவிட மோசமாகும் அபாயம் உண்டு. “விடுங்கள்” என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் தேவைப்படுகிறது.

6.2 கடன். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கிளீக்கோ என்னும் சிறு கவ்விகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அளவுக்கு ஒரு நிறம்: வெள்ளி, செம்பு, கறுப்பு, பொன். கடனாகப் போனவை எண்ணித் திரும்பியதாகக் கல்வெட்டுச் சான்று இல்லை.

6.3 பலூன். கரிய பிசினால் அடைத்த டேங்க் கசிகிறதா என்று பார்க்க, அதன் ஒரு துவாரத்தில் பிறந்தநாள் பலூனை மாட்டிக் காற்றடைத்து இரவு முழுவதும் விடுகிறார்கள். காலையில் பலூன் சுருங்கியிருக்கும். கட்டியவர் இடிந்து போய் உட்காருவார். அப்போது எதிர்வீட்டு நண்பர், நேற்று இரவு என்ன குளிர் என்று பேச்செடுக்கிறார். குளிரில் காற்று சுருங்கும். வெயில் ஏறினால் பலூனும் எழும்பும். வானிலைப் பேச்சு (5.1 காண்க) இங்கே ஒரு டேங்கைக் காப்பாற்றியது. 5.1-ஐ விட்டது சரியா என்பது மறுபரிசீலனைக்குரியது, நேரமில்லை.

6.4 கண். போபெரெஸ்னி தொடங்கிய சங்கத்தில் டெக்னிக்கல் கவுன்சிலர் என்றொரு தொண்டர் உண்டு. சம்பளம் இல்லை, அனுமதி தரவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. சிறகின் தகட்டை மூடுமுன் வந்து உள்ளே எட்டிப்பார்ப்பார். பூட்டுப்பின் மாட்டாத ஒரு போல்ட், முறுக்க மறந்த ஒரு நட் அவர் கண்ணில் படும். இந்தக் கண் எதற்கு எனின், பிரான்சில் ஆன்ரி மின்யே 1934-இல் நூல் எழுதி, சாமானியரும் கட்டலாம் என்று அழைத்த ‘ஆகாயப் பூச்சி’ விமானம் பலரைக் கொன்றது. 1936-இல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபிறகே, தலைகுப்புறச் சாய்ந்தால் அது நிமிராது என்று தெரிந்தது. ஆர்வம் எஞ்சினுக்குப் போதும். சிறகுக்கு இன்னொருவர் கண் வேண்டும். இந்தப் பத்தியில் மட்டும் ஆய்வாளர் சிரிக்கவில்லை.

6.5 கூலி. கட்டுரையின் மையம் இதுதான். ஆகவே மரபுப்படி ஓர் உட்பிரிவில் ஒளித்துவைக்கப்படுகிறது.

வீட்டில் கட்டிய விமானத்துக்குச் சான்று வேண்டுமானால், கட்டுமானத்தின் பெரும்பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். 51 சதவீத விதி என்று அழைக்கப்படுவது இது. பணம் கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேலை அந்தக் கணக்கில் வராது. நண்பர் சும்மா வந்து செய்துகொடுத்தது வரும். அதாவது, டாலரை நீட்டினால் வேலை கணக்கிலிருந்து மறைகிறது. டோனட்டை நீட்டினால் நிற்கிறது.

ஆனால் டோனட்டுக்காக யாரும் சிறகுக்குள் கைவிட்டு மூன்று மணி நேரம் எஃகுத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் வாங்கிச் செல்லும் உண்மையான கூலி வேறு: முழங்கால் வலியை ஒருவர் கடைசிவரை கேட்டது, மருமகன் கதைக்கு ஒருவர் “அப்புறம்?” என்றது. இதற்கு ரசீது கிடையாது. எந்த ஆய்வாளராலும் கண்டுபிடிக்க முடியாது. புறப்பேச்சு வேலைக்கு இடையூறு என்று கருதி அதை நிறுத்திய ஷெட்டில், அடுத்த சனிக்கிழமை இடையூறு செய்ய ஆளே வராது. (ஆதாரம்: காலியான மடக்கு நாற்காலி, இருக்கையின் அடிப்புறம், சூயிங்கம் படிவம், பதிப்பிக்கப்படாதது, பதிப்பிக்கும் எண்ணமும் இல்லை.)

7. முடிவுகள்

புறப்பேச்சு ஆறு வகைப்படும் என்று நினைத்துத் தொடங்கி ஐந்து வகையோடு நின்றோம். ஆறாவது வகையைக் கண்டோர் உரைப்பாராக.

8. பரிந்துரை

இந்த ஆய்வின் பயன் விமானத்துறையோடு நிற்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டின் பெரும்பகுதியை ஆய்வாளரே எழுதியிருக்க வேண்டும், பணம் கொடுத்து எழுதி வாங்கியது கணக்கில் வராது என்று நம் பல்கலைக்கழகங்களிலும் 51 சதவீத விதி கொண்டுவரலாம். எத்தனை ஆய்வேடுகள் தரையிலேயே நிற்கும் என்ற புள்ளிவிவரம் தேசிய நலன் கருதி இங்கே தவிர்க்கப்படுகிறது. வீட்டு விமானத்தின் வாசலில் ‘பரிசோதனை’ என்று இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதியாக வேண்டும். ஆய்வேட்டின் அட்டைக்கும் அதையே பரிந்துரைக்கிறோம். புது விமானத்தை, பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், மக்கள் நெருக்கமில்லாத பகுதியில், பயணி யாரையும் ஏற்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுபோலவே, பட்டம் பெறுமுன் ஆய்வாளர் தன் ஆய்வேட்டை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் 40 மணி நேரம் தானே வாசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை மாணவர்களை ஏற்றக் கூடாது.