விரல் கணு அளவு தண்ணீர்

ஹெல்சிங்கி,
மார்கழி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அப்பா கேட்பார். வீடியோவில் நீ என்னைப் பேச விட்டால்தானே? நேற்று எடுத்ததுமே, "ஏன்டா இருட்டுல உக்காந்திருக்கே, கரண்ட் கட்டா?" என்றாய். அப்போது இங்கே பிற்பகல் மூன்றரை மணி. சிதம்பரத்தில் இரவு ஏழு. "இங்கயும் இருட்டு, அங்கயும் இருட்டு. அப்புறம் என்னடா மூன்றரை மணி நேர வித்தியாசம்?" என்று நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். இந்த மாதத்தில் சூரியன் இங்கே காலை ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, மூன்றேகாலுக்குப் போய்விடுகிறது. மொத்தம் ஆறு மணி நேரம்கூட இல்லை. நம் ஊரில் மார்கழியில்கூடப் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி வெயில் உண்டு. நீ நாலரைக்கு எழுந்து, விடியுமுன் கோலம் போட்டு, சாண உருண்டையில் பரங்கிப்பூ வைப்பாய். இங்கே எட்டரை வரை தூங்கிவிட்டு எழுந்தாலும் விடியுமுன் கோலம் போட்ட புண்ணியம் கிடைக்கும். பரங்கிப்பூதான் கிடைக்காது. ஆகாசத் தலத்தில் பிறந்தவனுக்கு ஆகாசமே கண்ணில் படாத ஊரில் பிழைப்பு.

வெளிச்சம் போதவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமும். எனக்குப் போதவில்லை என்றல்ல, ஒரு செடிக்கு.

ஆபீசில் ஒருத்தர் வேலை மாறிப் போகும்போது தன் தொட்டிச் செடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பெயர் பீஸ் லில்லி. லில்லி என்ற பெயரை நம்பாதே. அது சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு வகையறா. பூர்வீகம் தென் அமெரிக்காவில் கொலம்பியா பக்கத்து மழைக்காடு. பெரிய மரங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது போக, கீழே சிந்தும் வெளிச்சத்தைத் தின்றே பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த குடும்பம். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. புளி ஊற்றி வேகவைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்காதே. இது சாப்பிடுகிற செடி இல்லை.

தொட்டியில் ஒரு அட்டை செருகியிருந்தது. குறைந்த வெளிச்சத்திலும் வளரும் என்று போட்டிருந்தது. நான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், கர்ப்பக்கிருகம் மாதிரி ஒரு இடம் பார்த்துப் பிரதிஷ்டை செய்தேன். அதோடு விட்டேனா? தினமும் அபிஷேகம்.

தப்பு என்னுடையது மட்டுமில்லை, வளர்ப்பு அப்படி. குளிக்கிற தண்ணி வாழைக்கு, அரிசி கழுவின தண்ணி கறிவேப்பிலைக்கு, ஒன்றுமில்லாவிட்டால் கிணற்றிலிருந்து ரெண்டு வாளி முருங்கைக்கு. நம் கொல்லையில் ஒரு செடி பட்டுப்போனால் தண்ணி ஊற்றாதவன்தான் குற்றவாளி, விசாரணையே கிடையாது. அந்தச் சட்டத்தோடு விமானம் ஏறினவன் நான். பத்தாம் நாள் செடி தலையைத் தொங்கப் போட்டது. தாகம் என்று ஊற்றினேன். இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். சத்து போதவில்லை போலிருக்கிறது என்று உன்னை நினைத்து அரிசி கழுவின தண்ணியும் கொடுத்தேன். மறு வாரம் மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பின. வெளியே பனி, கொசு மருந்துக்குக்கூடக் கிடையாது. என் வீட்டுக்குள் மட்டும் ஐப்பசி மாதத்துக் கெடிலக்கரை.

குப்பையில் போடத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். லிஃப்ட்டில் எதிர்வீட்டுப் பாட்டி. இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறோம், இரண்டு வருஷமாக ரெண்டு பேரும் தரையைத்தான் பார்த்தோம். இங்கே அதற்குப் பெயர் மரியாதை. அந்தப் பாட்டி முதல்முறையாக வாயைத் திறந்து, "கொடு" என்றார். நலமா இல்லை, எந்த ஊர் இல்லை. "கொடு."

தன் வீட்டில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். வேரெல்லாம் பழுப்பாகி, ஆறிப்போன சேமியா மாதிரி குழைந்திருந்தது. நாற்றம் வேறு. அழுகியதையெல்லாம் கத்தரியால் வெட்டிவிட்டு, வெள்ளை வேர் மிச்சமிருந்த மூன்று கன்றைப் பிரித்துச் சின்னத் தொட்டியில், புது மண்ணில் வைத்தார். "தாகத்தால் தொங்கினாலும் இப்படித்தான் தொங்கும். வேர் அழுகினாலும் இப்படித்தான் தொங்கும். தலையைப் பார்க்காதே, மண்ணைப் பார்" என்றார்.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. செடிக்கு வெளிச்சம்தான் அடுப்பு, தண்ணீர் வெறும் உலை. அடுப்பு சிம்மில் எரியும்போது அண்டா நிறைய உலை வைத்தால் என்ன ஆகும்? வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறைகிறது. குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே நிற்கிறது. மண்ணின் சந்துகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. முட்டினால் அழுகல். வீட்டுக்குள் வளர்க்கிற செடிகள் காய்ந்து சாவதைவிட இப்படிப் பாசத்தில் முங்கிச் சாவதுதான் அதிகமாம்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு இறக்கிப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் திரும்பிப் போய்விட வேண்டும். காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழிகிற வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். பாட்டி விரலை விட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசிக்கு மேல் ஒரு கணு தண்ணி என்று நீ விரல் வைத்து அளப்பாயே, அதே விரல், அதே முகபாவம்.

இடமும் மாறியது. ஃபோனிலேயே வெளிச்சத்தை அளக்கிற செயலி ஒன்று இருக்கிறது. அலமாரியில் வைத்தேன், நண்பகலில் நாற்பது லக்ஸ். ஜன்னலோரம் அறுநூறு. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி பாப்பாவை விரித்துக்கொண்டு எல்லாம் சரியாயிருக்கு என்று சொல்லிவிடும். இலைக்கு அந்த வித்தை தெரியாது. அட்டை எழுதினவர் சாகாது என்று எழுதவேண்டிய இடத்தில் வளரும் என்று எழுதிவிட்டார். நிழலைத் தாங்குவது வேறு, நிழலில் செழிப்பது வேறு.

சரி, ஜன்னலோரம் வைத்தால் அங்கே இன்னொரு கூத்து. ஜன்னலுக்குக் கீழேதான் வெந்நீர் ஓடும் சூட்டுப்பெட்டி. செடிக்குக் கால் சுடுகிறது, கண்ணாடி பக்கம் தலை குளிர்கிறது, இடையில் காற்று அப்பளம் மாதிரி காய்ந்து இலை நுனி கருகுகிறது. ஒரு முழம் தள்ளி முக்காலியில் வைத்து, மேலே ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கு ஒன்று மாட்டினேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை தானாக எரியும்படி டைமரும் வைத்தேன். ஆனால் பார்த்து வைத்தது சமையலறைக் கடிகாரத்தை. உன்னைக் கூப்பிட நேரம் தெரிய வேண்டும் என்று அதில் நான் இந்திய நேரம் வைத்திருப்பதை மறந்துவிட்டேன்.

அன்று இரவு இரண்டரைக்கு வீடு முழுக்க ஊதா. தீபாராதனைக்குத் திரை விலகியது போல விழித்துக்கொண்டு கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன். விடிந்ததும், அதாவது ஒன்பதரைக்கு, பாட்டி கதவைத் தட்டினார். இரண்டு வருஷத்தில் இரண்டாவது பேச்சு: "ராத்திரி உன் வீட்டில் டான்ஸா?" சிதம்பரத்துக்காரனிடம் கேட்க வேறு கேள்வியா இல்லை!

நீ அனுப்பிய வாட்ஸப் செய்தியும் வந்தது. வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது என்றாய். சொன்னது உண்மைதான். 1989ல், காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்துச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் 2019ல் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னலைத் திறந்தால் கிடைக்கிற பலன் செடியால் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும், ஆயிரம்கூட ஆகலாம் என்கிறார்கள். என் வீடு இருபத்தெட்டு சதுர மீட்டர். இருநூற்றெண்பது செடியில் ஆரம்பிக்க வேண்டும். அது வீடு இல்லை, தில்லைவனம். அந்தத் தில்லையே சிதம்பரத்துக்குப் பேரை மட்டும் கொடுத்துவிட்டுப் பிச்சாவரம் சதுப்பில் போய்க் குடியிருக்கிறது. அக்கா குடியிருக்கிற பக்கம் மட்டும் என்ன, பாதிரி மரத்தின் பேரில் திருப்பாதிரிப்புலியூர். மரத்தின் பேரில் ஊர் வைத்த ஜில்லாக்காரனுக்கு ஒரு தொட்டிச் செடி அடங்க மாட்டேன் என்கிறது பார்.

இப்போது மூன்று கன்றும் பிழைத்துக்கொண்டன. நடுவில் ஒரு இலை பீடி மாதிரி சுருண்டு நிற்கிறது. பூ இல்லை. அதற்கு இந்த வெளிச்சம் போதாதாம். வாரத்துக்கு ஒரு தடவை விரல் வைக்கிறேன். முக்கால்வாசி வாரம் ஊற்றாமலே திரும்புகிறேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு, "பையனுக்கும் அப்படித்தான், நீ நாளைக்கு நாலு தடவை கூப்பிடாதே" என்று அப்பா உனக்கு உபதேசம் செய்வார். கேட்காதே. நான் சேம்புக் குடும்பம் இல்லை. நீ கூப்பிடு.

திருவாதிரைக் களியில் என் பங்கை அக்கா பிள்ளைகளுக்குக் கொடு. அப்பாவுக்கு நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பிள்ளை

பி.கு.: கொல்லை வேலியோரம் மருள் கண்டபடி மண்டிவிட்டது, ஆளை விட்டு வெட்டப் போகிறேன் என்றாயே, வெட்டாதே. அந்தக் காலத்தில் அதன் நாரில்தான் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அதன் ஆப்பிரிக்கப் பங்காளியை இங்கே பாம்புச் செடி என்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள். இருட்டையும் தாங்கும், மறந்தே போனாலும் கோபித்துக்கொள்ளாது என்றார்கள். இருபது யூரோ கொடுத்து ஒன்று வாங்கியிருக்கிறேன், நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம். நம் வேலியிலிருந்தே ஒரு வேர் கொண்டுவரலாம் என்றால், பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் செடி எதுவும் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. வேலி முழுக்க எவ்வளவு யூரோ நிற்கிறது என்று அப்பாவை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்.