தெரிஞ்சுதானே கோவப்படுறன்

ஆலையடிவேம்பில் எங்கள் பக்கத்து வளவு மாமி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் "கோவத்தக் குறைக்கிற மிஸ்" என்று சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

உளவளத்துணையாளர் என்பது பதவிப் பெயர். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் மருதமுனை தொடக்கம் திருக்கோவில் வரை உளவளத்துணைப் பட்டறை நடக்காத மண்டபம் குறைவு. நானும் அப்படியொரு பட்டறையில்தான் முதற்பாடம் படித்தேன்: கோபத்தை அடக்கினால் உள்ளே தங்கி நோயாகும், தலையணையைக் குத்தி வெளியே விடு. சான்றிதழும் தந்தார்கள். அதை நம்பி ஓர் இளந்தாரிக்கு இந்த வைத்தியத்தைச் சொல்லி அனுப்பினேன். (ஆட்களின் அடையாளங்களைக் கலைத்துத்தான் எழுதுகிறேன், என்னுடையதை மட்டும் கலைக்கவில்லை.) அவன் வீட்டில் இருந்தது இலவம்பஞ்சுத் தலையணை. அடுத்த கிழமை தாயும் கூட வந்தார். கட்டிலுக்கடியில் பஞ்சு, சாமிப்படத்தில் பஞ்சு, சொதியில் பஞ்சு. "இவனுக்குக் கோவம் குறையல்ல மிஸ். எனக்குக் கூடிட்டு."

இந்தக் குத்து வைத்தியத்தைப் பிரட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்து 2002இலேயே வெளியிட்டிருந்தார். கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். 2024இல் அவரும் இன்னொருவருமாக 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது என்று உடம்பின் சூட்டைத் தணிப்பவைதான் உதவின. மெதுவோட்டம்கூட கோபத்தைக் கூட்டத்தான் பார்த்ததாம். நான் தலையணைப் பாடம் படித்தபோது முதல் ஆய்வு வெளிவந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அக்கரைப்பற்றுக்கு வரும் பஸ்ஸை அது தவறவிட்டிருக்க வேண்டும்.

அடுத்து விலகிப்போகும் உத்தி. சண்டை சூடேறும்போது அந்த இடத்தில் நிற்காதீர்கள் என்று ஒருவருக்குச் சொன்னேன். மனிதர் சொல் தட்டாதவர். மனைவி கேள்வி கேட்டு முடிக்குமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பிளேன்டீ, சினேகிதர்கள், கடற்கரைக் காற்று எல்லாம் முடித்து நடுச்சாமத்தில் திரும்பியிருக்கிறார். விடிந்ததும் மனைவி என் மேசைக்கு முன்னால் நின்றார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம ஓடுறதுக்கு நீங்களா மிஸ் சொல்லிக் குடுத்த?"

அந்த உத்திக்கு ஒரு பின்பாதி உண்டு. இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "எனக்குச் சூடேறுது, அரை மணித்தியாலத்தில வாறன், வந்து பேசுவம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். படபடக்கும் நெஞ்சு அடங்க இருபது நிமிடமாவது செல்லும், அந்த நேரத்தில் மனதுக்குள் எதிர்க்கேள்வி தயாரித்துக்கொண்டிருந்தால் அதுவும் நடக்காது. இவ்வளவையும் நான் அன்று சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, எனக்குப் பசி.

அக்கரைப்பற்று ஹாஜியார் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சியை விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நிண்டுக்கிட்டு கோவம் வந்தா இருக்கணும். இருந்தும் போகாட்டி படுக்கணும். வுழு எடுக்கணும், தண்ணி நெருப்ப அணைக்கும். ஹதீஸில இரிக்கி மகள், சின்ன வயசில மத்ரஸாவில ஓதினது. எல்லாம் தெரியும். தெரிஞ்சுதானே கோவப்படுறன்." இருபத்தோராம் நூற்றாண்டு அமெரிக்க ஆய்வின் சாரத்தை அவர் எனக்கே திருப்பிப் பாடம் நடத்திவிட்டு, வெளியே போய் ஆட்டோக்காரரைச் சத்தம் போட்டார்.

"கோவம் வந்தா எனக்குக் கண்மண் தெரியாது மிஸ்" என்று அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். முன்பு நம்பினேன். சாகாமத்துப் பக்க விவசாயி ஒருவர், கூட்டத்தில் தண்ணீர்முறையை மாற்றிவிட்டார்கள் என்று கொதித்து வீட்டில் சோற்றுக் கோப்பையை எறிந்திருந்தார். கூட்டத்தில் அதிகாரிக்கு முன்னால் ஏதும் எறிந்தீர்களா என்று கேட்டேன். "அது எப்பிடி மிஸ்? அவர் பெரிய சேர்தானே." வீட்டில் எறிந்தது? "அது நம்மட கோப்பைதானே." கோபத்துக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி அது பள்ளம் பார்த்துத்தான் பாய்கிறது. வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளே இதைத்தான் சொல்கிறது: கோபம் பலிக்கும் இடத்தில் காப்பதுதான் காப்பு, பலிக்காத இடத்தில் காத்தாலென்ன, காக்காவிட்டாலென்ன. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் இந்தக் கோப்பைக் கேள்வியைப் பல பேரிடம் கேட்டுத் திரிந்தேன்.

அந்த நாட்களில்தான் ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக என்னை மேசைக்கு மேசை அலையவிட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் "பரவாயில்ல சேர், நாளைக்கு வாறன்" என்று பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து, தண்ணீர்ப் போத்தல் மூடியைத் தொலைத்த மகனை, நாட்டின் கடனுக்கே அவன்தான் பொறுப்பு என்ற அளவில் ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் ஒரு மூலை "இது இடம்பெயர்ந்த கோபம்" என்று பெயர் சொன்னது. அதனால் ஏச்சில் ஒரு சொல்லும் குறையவில்லை. வசனங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன.

நான் அப்போது ஆட்களைச் சந்தித்த அறை, மண்டபத்தின் ஒரு மூலையைப் பிளைவூட்டால் மறைத்தது. மறைப்பு கூரையைத் தொடாது. இரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மின்விசிறியின் சத்தத்தை நம்பியிருப்போம். ஒரு நாள் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் உள்ளே இருந்தார். எப்போது கேட்டாலும் "நல்லா இரிக்கி மிஸ், மூச்சு எடுக்கன்" என்பார். இடையில் கணவர் அழைத்தார், காஸ் முடிந்துவிட்டது, மற்றச் சிலிண்டர் எங்கே என்று. மறைப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று, சிலிண்டரில் தொடங்கி அவருடைய தாய் வீட்டில் முடித்தேன். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உண்மையச் சொல்லவா மிஸ்? நீங்க தந்த மூச்ச நான் ஒரு நாளும் எடுக்கல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் பேசினார்: கையோங்கியது, பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்தது, இரவில் நித்திரை வராதது, லீசிங் காசு, எல்லாம். நான் குறுக்கிடவில்லை. குறுக்கிட முகமும் இல்லை.

அவர் போனபின் அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். அதில் 'பயன்படுத்திய உத்தி' என்று ஒரு நிரல் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துவிட்டு, 'சுவாசப் பயிற்சி' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.