நாலு தராசும் ஒரு ஆல்டோவும்

வா பேராண்டி, இஸ்தோப்புல உக்காரு. வாசல் பூரா பலகையா அறுத்துப் போட்டிருக்கியே, என்னா, காருக்குத் தொட்டில் கட்டப் போறியா? நிறுக்கப் போறியா? நல்லாருக்குடா. ஒங்க அத்தை இருவது வருஷமா மலையில கொழுந்து நிறுக்கக் கொடுக்குறா. ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவுன்னு போனது போக மிச்சந்தான் அவ பேருக்கு. இனி காருக்கும் நிறுவையா!

பந்தயக்காரன் செய்றான்னு சொல்லாத. நுவரெலியாவுல மஹகஸ்தொட்ட மலையேத்தப் பந்தயம் 1934லயே ஆரம்பிச்சது. அங்க ஓட்டுறவனுக்கு ஒரு நொடி காசு. நீ நல்லதண்ணிக்குச் சாமி கும்பிடப் போறவங்கள ஏத்திட்டுப் போறவன். சரி, ஆசைப்பட்டுட்ட, கேட்டுக்க.

ஒரு கால் கட்டையான ஸ்டூல்ல உக்காந்திருக்கியா? எதிரெதிர் மூலைக் கால் ரெண்டுதான் ஆளைத் தாங்கும், மத்த ரெண்டும் சும்மா நிக்கும். காரும் அப்படித்தான். முன் இடது டயர்ல நிக்கிற எடையையும் பின் வலதுல நிக்கிறதையும் கூட்டு. ஒன்னையும் சேத்து மொத்தம் 770 கிலோன்னா அது 385 வரணும். ரொம்பத் தள்ளிப்போச்சுன்னா ஒரு பக்கம் திருப்புறப்ப மூக்கு நேரா ஓடும், மறுபக்கம் வால் சுத்தும்.

ஆனா ஆள் நிக்கிற தராசு ஒரு 150 கிலோவோட கையை விரிச்சிரும். ஆல்டோவுக்கு முன் டயர் ஒண்ணே 200ஐத் தாண்டும். அதுக்குத்தான் பலகை. ஒரு முனை கட்டை மேல, மறுமுனை தராசு மேல. கட்டைப் பக்கமா மூணுல ஒரு பங்கு தூரத்துல டயரை நிறுத்து. பலகையோட பாரத்தைக் கழிச்சிட்டு, தராசு காட்டுறதை மூணால பெருக்கு. மொதல்ல டயர் ஆறியிருக்கிறப்ப காத்தைச் சரிபாரு. சீட்ல நீ உக்காந்துட்டா தராசை எவன் பாக்குறது? அரிசி மூட்டை வை. 50 கிலோ மூட்டை ஒண்ணு பத்தாது, கல்யாணத்துக்கப்புறம் நீ ஒன்றரை மூட்டை.

நாலு டயரும் ஒரே மட்டத்துல நிக்கணும். இங்கதான் மாட்டிக்கிட்ட. மஸ்கெலியாவுல மட்டத் தரைக்கு எங்க போவ? இருந்த பள்ளத்தையெல்லாம் பழைய டவுனோட சேத்து 1969ல மவுஸ்ஸாகலை அணை முழுங்கிருச்சு. கோடையில தண்ணி எறங்கி பழைய கோயில் தெரியுறப்ப வேணா காரைக் கொண்டுபோய் சாமிக்கு முன்னால நிறு. இல்லாட்டி மேசன்கிட்ட தண்ணி டியூப் வாங்கி, டயருக்கு அடியில தகடு வச்சு மட்டம் பிடி.

நிறுத்தாச்சு, அப்புறம்? ஸ்பிரிங்குக்கு அடியில மரை வச்ச தட்டு இருக்கும். ஒரு மூலையைத் திருகி ஒசத்துனா, அந்த மூலைக்கும் அதுக்கு எதிர் மூலைக்கும் பாரம் கூடும், மத்த ரெண்டுக்கும் கொறையும். எவ்வளவு திருகினாலும் இடப்பக்க மொத்தமும் வலப்பக்க மொத்தமும் அசையாது. அதுக்குச் சாமானைத்தான் இடம் மாத்தணும்.

ஏன்டா முழிக்கிற? ஒன் ஆல்டோவுல அந்தத் தட்டுல மரையே கெடையாதேடா! கம்பெனி வச்ச எடத்துல வச்சதுதான். நாலு நாளா பலகை அறுத்தியே, ஒரு தரமாவது காருக்கடியில குனிஞ்சு பாத்தியா? நான் நேத்தே பாத்தேன். பின் இடது ஸ்பிரிங்கு தொவண்டு கெடக்கு. தொவளாம என்னா செய்யும், டிக்கியில அந்த மூலையிலயே சவப்பெட்டி மாதிரி ஸ்பீக்கர், அதுக்கு மேல பெட்டி படுக்கை! ஸ்பிரிங்கை ஜோடியா மாத்து, ஸ்பீக்கரை எறக்கு. சாமி கும்பிடப் போறவன் ஒன் பாட்டுக்கா அழுவுறான்?

பலகையை இங்கயே போடு, கோழிக்கூட்டுக்குக் கதவில்ல. தராசுல ஒண்ணையும் விட்டுட்டுப் போ. நாளைக்கு ஒங்க அத்தை அதை மலைக்குக் கொண்டு போகட்டும்.