அட்டையில் ஆண்டை மாற்றினால் போதாதா?

அமிர்தகழி,
மட்டக்களப்பு.

குனு ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் கையேடுகளைப் பராமரிப்போர்,
சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை,
பொஸ்டன், அமெரிக்கா.

விடயம்: மென்பொருளை வெளியிடுவதற்கு முன்னரே கையேட்டைத் திருத்தும் தங்கள் பழக்கத்தை ஆட்சேபித்தல்

ஐயன்மீர், அம்மணிமீர்,

அடியேன் ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளன். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம், ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது) பதினொரு வருடம் ஒரு மென்பொருளின் பயனர் கையேட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். அந்தக் காலத்துக்குள் மென்பொருள் நாலு தரம் மாறியது. கையேடு ஒருதரமும் மாறவில்லை. முறைப்பாடும் வரவில்லை. பிரியாவிடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "கையேட்டைக் கண்போலக் காத்தவர்" என்று பேசினார்கள். அப்படி நிம்மதியாக இருந்தவனுக்குத் தங்களால் நித்திரை கெட்டுவிட்டது.

எங்கள் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தை மாதமும் கையேட்டின் அட்டையிலுள்ள ஆண்டின்மேல் ரிப்பெக்ஸ் பூசுவேன். மின்விசிறிக்குக் கீழே காயவைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடிப்பேன். பிறகு கறுப்புப் பேனையால் புது ஆண்டை எழுதுவேன். புதிய பதிப்பு தயார். பதினோராவது வருடம் அந்த இடம் தழும்புபோலத் தடித்து, நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்டது. போட்டோக்கொப்பிக் கடைப் பொடியன், "ஐயா, இதுல என்ன ஒட்டிக் கிடக்கு? கொப்பியில நிழல் விழுது" என்றான். "அதுதான் தம்பி, திருத்திய பதிப்பு" என்றேன்.

பதினாலாம் பக்கத்தில் ஒரு திரைப்படம் உண்டு. சினிமா அல்ல, கணினித்திரையைப் பிடித்த படம். அதன் வலது மூலையில் "சேமி" என்றொரு பொத்தான். மென்பொருளின் இரண்டாவது மாற்றத்தில் அந்தப் பொத்தான் இடது பக்கம் போனது. மூன்றாவதில் காணாமலே போனது. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, "ஐயா, சேமி எங்க?" என்று கேட்டாள். "பதினாலாம் பக்கத்தில இருக்கு மகள்" என்றேன். பக்கத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் ஒரு சீஆர் கொப்பி வாங்கிவந்து, எதை அழுத்தினால் எது நடக்கிறதென்று தானே எழுதத் தொடங்கினாள். மறுகா முழு அலுவலகமும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வேலை செய்தது. கணக்காய்வுக்கு ஆட்கள் வரும் நாட்களில் மட்டும் கொப்பி லாச்சிக்குள் போகும், கையேடு மேசைக்கு வரும்.

இனித் தங்கள் குற்றங்களுக்கு வருகிறேன்.

கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மருமகன் ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட வந்திருந்தான். ஈரத்தலையோடு விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து, "மாமா, இஞ்ச பாருங்க, இவங்கட கையேட்டை" என்றான். பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஈமாக்ஸ் என்பது 1985இலிருந்து பொதுமக்கள் கையிலிருக்கும் தொகுப்பி என்றும், அதை லிஸ்ப் மொழியில் நிரல் எழுதி வேண்டியபடி வளைக்கலாம் என்றும், அந்த மொழிக்கென்று ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய தனிக் கையேடு உண்டென்றும் சொன்னான். அதுவரை பரவாயில்லை. தடித்த கையேடு எங்களிடமும் உண்டு. கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க உதவும். ஆனால் தாங்கள் "நியூஸ்" என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறீர்களாமே. மென்பொருளில் எதையாவது புதிதாகச் சேர்த்தாலோ மாற்றினாலோ அதில் பதியவேண்டும். கையேடுகளில் அது ஏறிவிட்டால் மேலே மூன்று கூட்டல் குறி. கையேட்டில் ஏற்றத் தேவையில்லாததென்றால் மூன்று கழித்தல் குறி. இரண்டுமில்லாமல் ஒரு பதிவு கிடந்தால் கையேட்டு வேலை இன்னும் தீரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் தெரிந்துவிடும்! இதைவிட ஓர் உத்தியோகத்தருக்குச் செய்யும் துரோகம் உண்டா? எங்கள் கோவைகளில் தீராத வேலையும் தீர்ந்த வேலையும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். அதில்தான் நிர்வாகத்தின் அமைதி தங்கியிருக்கிறது.

வெளியீடு நெருங்கும்போது இன்னொரு பட்டியல் வைத்திருப்பீர்களாம். கையேட்டின் ஒவ்வொரு பகுதியும் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டுபேர் வாசித்து, மாற்றங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பார்த்தவர் பெயரை எதிரே போடவேண்டும். எங்களிடமும் இரண்டு கையொப்பம் உண்டு. "தயாரித்தவர்", "பரிசீலித்தவர்". வாசித்தவருக்கென்று ஒரு கோடு அந்தப் படிவத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தாங்கள் அந்தக் கோட்டைப் புதிதாகக் கண்டுபிடித்து எங்கள் படிவத்தை அம்மணமாக்கிவிட்டீர்கள்.

2023 யூலையில் 29.1 வந்தபோது, நிரலின் அமைப்பைப் பகுத்துப் பார்க்கும் ட்ரீ-சிட்டர் வசதி சேர்ந்ததாம். உடனே மொழிக் கையேட்டில் அதற்கு முழு அத்தியாயம். 2025 பெப்ரவரியில் 30.1 வந்தபோது ஈமாக்ஸ் அன்ட்ரொய்ட் கைப்பேசிக்குள்ளும் புகுந்ததாம். விரலால் தொட்டால் நிரல் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் கையேட்டில் இடம். வந்த கையோடு எழுதிவிட்டால், "கையேடு தயாரிப்பு உபகுழு" என்று ஒன்றை எதற்காக அமைப்பது? அந்த உபகுழுவின் தேநீர்ச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது?

காலாவதியான கட்டளைகளைத் தாங்கள் நடத்தும் விதம் அதைவிட மோசம். டொகிள்-ரீட்-ஒன்லி என்றொரு கட்டளை இருந்ததாம். 24.3ஆம் பதிப்பில் அது பழசாகிவிட்டது, இனி ரீட்-ஒன்லி-மோட் என்று அழை, என்று நிரலுக்குள்ளேயே பதிந்துவிட்டீர்கள். பழசான பதிப்பு எண், பதிலாக எது, இரண்டும் உண்டு. பழைய பெயரால் கூப்பிட்ட ஆளையும் திருப்பி அனுப்பாமல், எச்சரித்துவிட்டு வேலையைச் செய்துகொடுக்கிறீர்கள். எங்கள் சுற்றுநிருபம் ஒன்று ரத்தானால், ரத்தான செய்தி அதற்கடுத்த சுற்றுநிருபமும் ரத்தானபிறகுதான் மட்டக்களப்பு வந்துசேரும். இடையில் வந்த பொதுசனம் பழைய படிவத்தை நிரப்பிக் கொடுத்து, மத்தியானம்வரை வாங்கில் இருந்துவிட்டு, "இது இப்ப செல்லாது" என்ற பதிலோடு கல்லடிப் பாலம் கடந்து வீடு திரும்பும். அவர்களுக்குப் பொறுமை வளர்ந்தது எங்களால்தானே?

கையேட்டின் தொடக்கத்திலேயே, இது முழுமையானதல்ல, பிழைகள் இருக்கலாம், கண்டால் எழுதுங்கள் என்று தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதையும் மருமகன் காட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாமே குற்றம் என்று சொல்லமாட்டேன். பதினைந்து வரி அளவுக்கு மேல் ஒருவர் எழுதிக்கொடுத்தால், உரிமையை அறக்கட்டளைக்கு ஒப்படைக்கும் பத்திரத்தில் கையொப்பம் வேண்டுமாமே! கேட்டபோது மனம் குளிர்ந்தது. தங்களிடமும் படிவம் இருக்கிறது. தங்கள் வீட்டிலும் சண்டை இருக்கிறது: கையேட்டின் உரிமத்தில் மாற்றக்கூடாத பகுதிகள் உண்டு என்பதால், டெபியன் இயங்குதளக்காரர்கள் 2006இல் வாக்கெடுத்து, அப்படிப்பட்ட கையேடுகள் சுதந்திரமானவை அல்ல என்று தள்ளிவைத்துவிட்டார்களாம். அதனால் டெபியனில் ஈமாக்ஸ் ஓரிடத்திலும் அதன் கையேடு வேறிடத்திலும் கிடக்கிறதாம். மென்பொருளையும் கையேட்டையும் பிரித்துவைப்பது எங்கள் மரபு. சுதந்திரத்தின் பெயரால் அதைச் செய்யலாம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என்னை உண்மையில் உலுக்கியது கடைசியில் இருந்த பின்னிணைப்பு. எதிர்ச்செய்தி என்று பெயர் சொல்லலாம். காலத்தில் பின்னோக்கி வாழ்பவர்களுக்காக, புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்கினால் என்னென்ன சுகம் என்று முகத்தில் சிரிப்பில்லாமல் எழுதுகிறீர்கள். இந்த வசதி ஒழிந்தது, அந்தத் தொல்லை தீர்ந்தது என்று பட்டியல். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாங்கள் பகிடியாக எழுதியதை நான் பதினொரு வருடம் சம்பளத்துக்குச் செய்திருக்கிறேனே என்று பட்டது.

அன்றிரவே எங்கள் கையேட்டுக்கும் ஒன்று எழுதிப்பார்த்தேன். தங்கள் அபிப்பிராயத்துக்கு:

"கணினித்திரையிலிருந்து இந்தக் கையேட்டுக்கு இறங்குவோருக்கு நல்வரவு. இங்கே சேமி பொத்தான் மீண்டும் கிடைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றச்சொல்லும் தொந்தரவு இல்லை, கடவுச்சொல்லே இல்லை. தமிழ் எழுத்துருக்கள் பெட்டி பெட்டியாகத் தெரிவதால் எழுத்துப்பிழை ஏற்பட வாய்ப்பில்லை. உதவிக்கு அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தில் இப்போது ஒரு கோழிக்கடை இருக்கிறது. அவர்கள் அன்பானவர்கள்."

தமிழ் என்றதும் ஒன்று. தங்கள் தொகுப்பியில் கொன்ட்ரோலும் எச்சும் அழுத்திவிட்டு மறுபடி எச் மட்டும் அழுத்தினால் உலக மொழிகளெல்லாம் முகமன் சொல்கின்றன. அவற்றிடையே "வணக்கம்" என்று தமிழும் நிற்கிறது. அந்த ஒரு சொல்லோடு நிற்காமல் கையேட்டையும் தமிழாக்குவோம் என்றான் மருமகன். தொடங்கிய முதல் நாளே முட்டுப்பட்டோம். ஊருலகம் சாளரம் என்பதைத் தாங்கள் சட்டகம் என்கிறீர்கள். சட்டகத்துக்குள் தடுத்த தடுப்பைச் சாளரம் என்கிறீர்கள். எழுத்தை வெட்டுவதற்குக் கொல் என்றும் ஒட்டுவதற்கு இழு என்றும் பெயர். போகட்டும், நாற்பது வருடப் பழக்கம். ஆனால் கட்டளையின் விளக்கத்தில் அது வாங்கும் உள்ளீட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பது தங்கள் விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது? தடித்த எழுத்தா, மேற்கோளா, அடிக்கோடா? விளக்கங்கள் வெறும் எழுத்தாக இருக்கவேண்டியவை என்பதால் தடித்த எழுத்தும் அடிக்கோடும் முதலிலேயே விழுந்துவிட்டன. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமைதாங்கிய விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் சமாதியில் இருக்கிறார். சொல்லென்றால் அவரிடமாவது முறையிடலாம், இது எழுத்துச் சிக்கல். மருமகன் இப்போதைக்கு மேற்கோள் குறி போடுகிறான். எனக்குத் திருப்தியில்லை. இரண்டு நாளாக அதே யோசனையாகத்தான் இருக்கிறேன்.

அந்தச் சீஆர் கொப்பி எங்கே என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு இடமாற்றம் கிடைத்தபோது கொப்பியும் கூடப்போய்விட்டது. போன கிழமை அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு: "ஐயா, கையேட்டில ஒரு சந்தேகம்." எந்தப் பக்கம் என்று கேட்டேன். பதினாலு என்றார்கள்.

ஆகவே தங்கள் பழக்கத்தை உடனடியாக நிறுத்தவேண்டும். நிறுத்த முடியாவிட்டால், அடுத்த வெளியீட்டுக்கு முன் வாசிப்போர் பட்டியலில் ஏதாவது ஒரு சிறிய அத்தியாயத்துக்கெதிரே இடம் வெறுமையாக இருந்தால் அறியத்தரவும். காலை பத்து மணிக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கையேட்டுப் பொறுப்பு (ஓய்வு)

இணைப்பு: ரிப்பெக்ஸ் போத்தல் 1, பாவித்தது.