பறிபோன சாட்டு

ஐந்தடி மூன்றங்குலம் யாழ்ப்பாணத்தில் வசதியான உயரம். மாங்காய் ஆயக் கொக்கத்தடியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பருத்தித்துறை மினிபஸ்ஸில் நெட்டையர்கள் கழுத்தை மடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் நிமிர்ந்து நிற்போம். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி கூடைப்பந்துதான். "தம்பி, விளையாட வாறீரோ?" என்று யாரும் கேட்டால், பத்தடி உயரத்தில் தொங்கும் வளையத்தை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தால் போதும். கேட்டவரே பாவம் பார்த்துப் போய்விடுவார். உயரமில்லை என்ற சாட்டுக்கு வைத்தியரின் துண்டு தேவையில்லை.

அந்த அருமையான சாட்டை அநியாயமாகப் பறித்தவர் மக்ஸி போக்ஸ். 1965இல் அமெரிக்காவின் பால்ற்றிமோரில் பிறந்தவர். உயரம் ஐந்தடி மூன்று. ஓரங்குலம் கூட இருந்திருந்தாலும் நான் தப்பியிருப்பேன். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யில் அவரளவு கட்டையான ஆள் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

1987இல் வாஷிங்டன் புல்லற்ஸ் அணி இவரை எடுத்தது. அதே அணியில் சூடானிலிருந்து வந்த மனுட் போல், ஏழடி ஏழு. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வித்தியாசம் இரண்டடி நாலங்குலம். எங்கள் ஊரென்றால் அந்தப் படத்துக்குப் பிறகு ஆள் கோயில் திருவிழாவுக்கும் வந்திருக்க மாட்டார். அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கிய சார்லட் ஹோர்னெற்ஸ் அணிக்கு ஆட்கள் கொடுக்க வேண்டி வந்தபோது, வாஷிங்டன்காரர் 'இவரைக் கொண்டு போங்கோ' என்று விட்டுவிட்டார்கள். கோல் போடுவதற்குப் பந்து எடுத்துக் கொடுத்த கணக்கில், சார்லட் அணியின் சரித்திரத்திலேயே இன்றைக்கும் முதலாமவர் இவர்தான். எல்லா அணிகளுக்குமாக மொத்தம் 889 ஆட்டங்கள், 6,726 தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எப்படி என்றால், பந்து எவ்வளவு மேலே போனாலும் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு நிலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். நெட்டையர் தட்டும் பந்து அவர்களின் இடுப்புவரை எழும்பும். அந்த இடத்தில் போக்ஸின் கை ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும். அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் ஆள் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார். 1993 ஏப்ரல் 14 அன்று நியூயோர்க் அணியின் ஏழடி உயரப் பற்றிக் யூவிங், எழும்பிப் போடுவதற்காகப் பந்தைக் கீழே இறக்கினார். மேலே வருகிற பந்தைப் போக்ஸ் அடக்கிவிட்டார். புத்தகத்தில் அது எதிராளியின் எறிதலை மறித்த கணக்கில் விழுந்தது. வாழ்நாளில் அப்படி மறித்தவை 39. நான் வீட்டில் விளக்குமாற்றால் நுளம்பை மறித்ததே அவ்வளவு வராது.

ஐந்தடி ஏழங்குல ஸ்பட் வெப் 1986இல் பந்தை வளையத்துக்குள் குத்தும் போட்டியில் வென்ற கதையை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஓர் அவமானம் போதும்.

நெட்டையாக இருந்தால் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் மண்ணின் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து. வலைப்பந்து வளையமும் அதே பத்தடிதான். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதில் அவவுக்குப் பெரிய பங்கு. 2019 உலகக் கிண்ணத்தில் ஆகக் கூடுதலாகக் கோல் போட்டதும் அவதான். அதற்கு முன்னால், அந்த உயரத்துக்காகவே பகிடி வாங்கியவ. யாழ்ப்பாணம் கட்டையையும் விடாது, நெட்டையையும் விடாது. அளவான உயரம் எதுவென்பது கலியாணத் தரகர்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா. "அண்ணை, இவன் வளருறானே இல்லை." நான் போக்ஸின் கதையை முழுக்கச் சொன்னேன். யூவிங்கின் பந்தைத் தடுத்த இடத்தைக் குனிந்து நிமிர்ந்து செய்தும் காட்டினேன். பெடியன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். அதற்குக் கனநேரம் எடுக்கவில்லை.

"அப்ப நீங்கள் ஏன் மாமா விளையாடேல்லை?"

"முழங்கால் உளைவடா" என்றேன்.

1995இல் போக்ஸுக்கும் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தப் பருவத்தில் ஆறே ஆட்டம். பிறகு மனிதன் எழும்பி வந்து 2001வரை விளையாடினார். இதைப் பெடியனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு மிஞ்சுவது நாரிப்பிடிப்பு ஒன்றுதான்.