பிரேக் ஜாம் விசாரம்

ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் வேப்பமரத்தடியில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற ஒரு பழைய அம்பாஸிடர், தை பிறந்ததும் எஞ்சின் உறுமியும் கிளட்சை விட்டும் இம்மியளவும் நகராமல் மௌனம் சாதிக்குமாயின், அந்நிலையைப் பட்டறையார் ‘பிரேக் ஜாம்’ என்பர். இது குறித்து முறையான ஆராய்ச்சி இதுகாறும் நிகழாமை நாம் செய்த தவக்குறையே.

டிரம் பிரேக்கின் உற்பத்தியில் அபிப்பிராய பேதம் உண்டு. 1902இல் லூயி ரெனோ காப்புரிமை பெற்றார் என்பது ஒரு கட்சி. அதற்கு முன்னரே மாய்பாக் வண்டியில் வைத்துவிட்டார் என்பது மறு கட்சி. யார் ஜெயித்தாலும் நம் சக்கரம் சுழலாது ஆதலின் மேலே செல்வோம்.

காரணங்கள் ஐவகைப்படும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்தல், மாற்றுக. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகுதல், அதையும் மாற்றுக. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாதிருத்தல் மூன்றாவது. ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி, மிதிக்கையில் ஆயிலை வாங்கிக்கொண்டு, பின்னர் கடன் வாங்கினவரைப்போல் திருப்பித் தர மறுத்தல் நான்காவது. லைனிங்கும் டிரமும் துருவினால் ஒன்றாகி அத்வைதம் எய்துதல் ஐந்தாவது. டிரம்மைக் கழற்றும்போது லைனிங் அதனோடு போக, ஷூ மட்டும் அச்சிலேயே தங்கிவிடக் கண்டவர்கள் இதனைத் துவைதம் என்றே சாதிப்பர்.

இனிப் பிரதான விஷயமாகிய சுத்தியலுக்கு வருவோம். டிரம் வார்ப்பிரும்பு ஆதலின் ஓங்கி அடித்தால் வெடிக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தியபின், மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சிறுகத் தட்டுக என்பது வட்டவாதிகளின் சித்தாந்தம் (காண்க: பட்டறைச் சுவர், தென்பாகம், சாக்பீஸ் எழுத்து, மூன்றாம் வரி). ஒரே இடத்தில் ஓயாமல் அடிப்பதே சிறப்பென்பது ஏகஸ்தான வாதிகளின் கொள்கை (காண்க: மேற்படி சுவர், மேற்படி வரி, அதன்மேல் கிரீஸ் கைரேகை, அக்கைரேகை இடைச்செருகல் என்பாரும், அதுவே மூலம், எழுத்துத்தான் பிற்சேர்க்கை என்பாரும் உளர், வெள்ளையடித்தபின் கிடைத்த பிரதியில் இரண்டும் இல்லை). சுவரை நேரில் காணாமலே அதன் காலத்தை நிர்ணயித்த பேராசிரியர்கள் இருவர், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டித் தத்தம் ஐயத்தைப் போக்கிக்கொண்டனர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, பிடித்த சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைச் சற்றே திறந்து பார்க்கும் வழியொன்று உண்டு. ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே தங்கியிருந்தது. குற்றம் ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ. விடுபடாவிடில் கேபிளோ பிஸ்டனோ ஷூவோ. வெற்றிலை மடிக்கும் நேரத்தில் விவகாரம் இவ்வாறு பாதியாகிவிடுவதனாலேயே ஆராய்ச்சியுலகம் இதனை ஆதரிப்பதில்லை. பிறகு ஏர் எடுக்க வேண்டுமென்பதை மட்டும் மறத்தலாகாது.

டிரம் கழன்றபின் தூசியை வாயால் ஊதற்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடைக்க. பிரேக் ஆயில் தீர்ந்ததென்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப்புகள் உப்பி, ஐவகையும் ஆறாகும்.

நெடுநாள் நிறுத்துவோர் ஹேண்ட்பிரேக்கை விடுத்து, கியரில் போட்டு, சக்கரத்தடியில் கல் வைப்பது உத்தமம். கல்லின் இலக்கணம் இரண்டாம் பாகத்தில் வரும். அதற்குள் வண்டி விற்றுப்போனால் அது அச்சேறுவது சந்தேகம்.