காலிக்குப் போனால் கீழே பாருங்கள்

இலங்கை போகிறோம். கொழும்பிலிருந்து காலிக் கோட்டைக்கு ஒரு நாள் போதுமா? (திருச்சி வாசகி)

போய்வர ஒரு நாள் போதும், பார்க்கப் போதாது. ஒரு ராத்திரி கோட்டைக்குள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் பஸ் ஏறிய பிறகுதான் தெருக்கள் அங்கே குடியிருப்பவர்கள் கைக்குத் திரும்பும். விரைவுச் சாலையில் போனால் நேரம் மிச்சம். ஆனாலும் ரயிலில் போங்கள். கொழும்பு கோட்டை நிலையத்தில் ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிட்டால், வழியில் பல இடங்களில் கடல் கூடவே வரும்.

கோட்டையைக் கட்டியது போர்த்துகீசியரா, டச்சுக்காரரா, ஆங்கிலேயரா? (மதுரை வாசகர்)

தொடங்கியது போர்த்துகீசியர். 1640-ல் பிடித்து, கல்மதிலாக வளர்த்தது டச்சுக்காரர். 1796-ல் வாங்கிக்கொண்டது ஆங்கிலேயர். இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், துறைமுகப் பக்கம் உள்ள பழைய வாசலில் நின்றால் போதும். வெளிமுகத்தில் ஆங்கிலேய அரசின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், 1669 என்ற ஆண்டு, இருபுறமும் சிங்கம், உச்சியில் ஒரு சேவல். கோட்டை கைமாறிய கதை ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

அதென்ன சேவல்? (மதுரை வாசகரே)

போர்த்துகீசிய மொழியில் 'காலோ' என்றால் சேவல். ஊர்ப்பெயர் அந்தச் சொல்போலக் காதில் விழுந்ததால் சேவல் சின்னமானது என்பார்கள்.

டச்சுத் தேவாலயத்தில் சமாதிகளின் மேல் நடக்க வேண்டியிருக்கிறதாமே? மனசு ஒப்பவில்லை. (நாகர்கோவில் வாசகி)

ஒப்பாததே மரியாதை. 1755-ல் முடிந்த கட்டடம் அது. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், ஒதுங்கி நடக்க இடமில்லை. நானும் முதலில் ஓரமாகவே ஒட்டி நின்றேன். பிறகு ஒரு கல்லின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். குடும்பச் சின்னம், மண்டையோடு, தேய்ந்துபோன எழுத்து. மிதிபடாத ஓரத்தில் எழுத்தின் விளிம்பு இன்னும் விரலில் தட்டுகிறது. வேகமாகக் கடந்து போகாதீர்கள், நின்று படியுங்கள். கடல் தாண்டி வந்து இங்கேயே முடிந்துபோனவர்களுக்கு நாம் தரக்கூடியது அவ்வளவுதான்.

மதில், கலங்கரை விளக்கம் தவிர வேறென்ன பார்ப்பது? (சேலம் வாசகர்)

சாக்கடை! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டச்சுக்காரர் தெருக்களுக்கு அடியில் வடிகால் வெட்டி அதைக் கடலோடு இணைத்தார்கள். ஏற்றத்தில் கடல் நீர் உள்ளே புகும், வற்றத்தில் அழுக்கை அள்ளிக்கொண்டு வெளியேறும். முன்னூறு ஆண்டுக்கு முந்தைய ஊரில் கடலே துப்புரவுப் பணி செய்தது. கலங்கரை விளக்கம் அழகுதான், ஆனால் 1939-ல் கட்டியது. உங்கள் தாத்தாவைவிட இளையதாக இருக்கலாம்.

கொழும்புக் கோட்டை பெயரில் மட்டும் இருக்கிறது, காலிக் கோட்டை நிற்கிறதே, எப்படி? (கோவை வாசகி)

கப்பல் கைவிட்டதால் பிழைத்தது. 1875-ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். சுவர் எழும்ப எழும்ப, பாறைகள் மிரட்டும் காலித் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் அங்கே போய்விட்டன. கொழும்பின் மதிலை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள், வளர்கிற ஊருக்கு இடம் தேவைப்பட்டது. காலியில் இடிக்கும் அவசரம் யாருக்கும் வரவில்லை. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சின்னாபின்னமானபோது, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரைக் காத்தது அந்த மதில்தான்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா? (தஞ்சை வாசகர்)

தாராளமாக. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம்போலத் தெரியும் வெள்ளைக் கட்டடம் மீரான் பள்ளிவாசல். அதன் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டேன். "தமிழா? எங்கேயிருந்து வாறீங்க?" என்றார். கோட்டைக்குள் சோனகர் எனப்படும் முஸ்லிம்களின் வீடுகள் பலவற்றில் பேச்சு தமிழ்தான்.

காலியில் பழைய தமிழ்த் தடயம் ஏதாவது உண்டா? (நெல்லை வாசகர்)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். 1911-ல் காலியில் ஒரு தெருவில், வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த ஒரு கல்லை ஒரு பொறியாளர் கவனித்தார். அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது. சீன வரிகள் புத்தருக்குக் காணிக்கை வைக்கின்றன. பாரசீக வரிகள் இஸ்லாத்தைப் போற்றுகின்றன. தமிழ் வரிகள் தேனவரை நாயனாருக்கு, அதாவது மாத்தறைக்கு அருகே தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த பெருமாளுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

சீனத்திலிருந்து புறப்படும்போதே, இந்தக் கரைக்குத் தமிழும் வேண்டும் என்று தெரிந்து செதுக்கியிருக்கிறார்கள் போலும். எனக்கு அந்த நினைப்பே நெஞ்சை நிறைக்கிறது. போர்த்துகீசியக் கப்பல் இந்தத் தீவைப் பார்க்கவே இன்னும் 96 வருடம் இருந்தது.

அந்தக் கல்லைக் கோட்டையில் எந்த இடத்தில் பார்க்கலாம்? (நெல்லை வாசகரே)

கோட்டையில் இல்லை. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரயில் ஏறும் முன் பார்த்துவிடுங்கள்.